மாரி தொடங்குமுன் பெட்டியைத் திறவுங்கள்

முத்திரை சேகரிப்போர் பக்கம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மதிப்புக்குரிய ஐயா, என் அப்பப்பா பிரித்தானியர் காலத்தில் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞராக இருந்தவர். அவர் சேர்த்த முத்திரைகள், அப்பா காலமான பிறகு என் கைக்கு வந்திருக்கின்றன. தடித்த ஆல்பம் ஒன்று, பசை தடவி ஒட்டிய பள்ளிக் கொப்பிகள் இரண்டு, உதிரி முத்திரைகள் நிறைந்த பிஸ்கட் தகரம் ஒன்று. சணல் கயிற்றால் கட்டிய பழைய கடிதக் கட்டும் இருக்கிறது. மலாயா ரயில்வேயில் வேலை பார்த்த அப்பப்பாவின் தம்பி எழுதியவை பெரும்பாலும். சில தாள்களில் பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கின்றன. எல்லாவற்றையும் சுடுநீரில் ஊறவைத்துக் கழற்றி, புதிய பிளாஸ்டிக் ஆல்பத்தில் வைத்துவிடலாம் என்கிறான் என் மகன். எங்கிருந்து தொடங்குவது? இவற்றுக்குப் பெறுமதி உண்டா?
– ஆசிரியை ஒருவர், உப்புவெளி

பதில்: சுடுநீர்ப் பாத்திரத்தை முதலில் மகனிடமிருந்து வாங்கிவிடுங்கள். அதில் தேநீர் போடலாம், முத்திரை போடக்கூடாது.

பிள்ளை, உங்கள் கடிதத்தில் ஆல்பத்தை முதலில் எழுதி, கடிதக் கட்டைக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். நான் உங்கள் வீட்டுக்கு வந்தால் ஆல்பத்தைத் திரும்பியும் பார்க்காமல் அந்தச் சணல் கயிற்றைத்தான் அவிழ்ப்பேன். ஆல்பத்தில் இருக்கும் முத்திரை இலட்சக்கணக்கில் அச்சடிக்கப்பட்டது. இன்ன ஊரிலிருந்து இன்ன திகதியில் புறப்பட்டு, இன்ன வழியாக உங்கள் அப்பப்பாவின் கைக்கு வந்த உறை உலகத்தில் ஒன்றே ஒன்று. முத்திரையும் தபாற்குறியும் முகவரியும் சேர்ந்து ஒரே தாளில் இருக்கும்வரைதான் அதற்கு அந்தத் தகுதி. எங்கள் காலத்துப் பையன்கள் எல்லோரும் உறையின் மூலையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்துக்கொண்டு மீதியை அடுப்பில் போட்டார்கள். உங்கள் அப்பப்பா அப்படிச் செய்யவில்லை என்றால், தம்பி மேல் பாசமோ சேகரிப்பாளரின் புத்தியோ, ஏதோ ஒன்று காப்பாற்றியிருக்கிறது. நீங்களும் ஓர் உறையையும் வெட்டாதீர்கள், ஊறவைக்காதீர்கள்.

கட்டை அவிழ்த்ததும் கடிதங்களைத் திகதிப்படி அடுக்குங்கள். போருக்கு முந்திய உறைகளில் பாயும் புலி பொறித்த மலாய் நாடுகளின் முத்திரைகள் இருக்கக்கூடும். ஜப்பானியப் படை 1942 ஜனவரியில் கோலாலம்பூரையும் பெப்ரவரியில் சிங்கப்பூரையும் பிடித்தது. அதன் பிறகு 1945 செப்டெம்பரில் பிரித்தானியர் திரும்பி வரும்வரை மலாயாவிலிருந்து இங்கே கடிதம் வர வழியில்லை. ஆகவே கட்டின் நடுவில் மூன்றரை வருடங்களுக்குக் கடிதமே இல்லை என்றால், ஏதோ தொலைந்துவிட்டது என்று நினைக்கவேண்டாம். தம்பி உயிரோடிருக்கிறாரா என்று தெரியாமல் இந்த வீடு காத்திருந்த காலம் அது. அதே நாட்களில் இங்கேயும் நிம்மதி இல்லை; 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் நம்முடைய திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. இடைவெளிக்குப் பிறகு வரும் முதல் உறையைக் கவனமாகப் பாருங்கள். அதில் ‘பி.எம்.ஏ. மலாயா’ என்று ஆங்கிலத்தில் மேலச்சிட்ட முத்திரை ஒட்டியிருக்கப் பெரிதும் வாய்ப்பு உண்டு. பிரித்தானிய இராணுவ நிர்வாகம் 1945இல் பழைய முத்திரைகளின்மேல் அடித்துக் கொடுத்தது அது. மேலச்சு முத்திரை தனியாகச் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் ‘நாங்கள் எல்லோரும் சுகம்’ என்று எழுதிய கடிதத்தோடு, முகவரி கலையாமல், உறையின் மேல் இருக்கும்போது அது வேறு பொருள்.

உறைகளின் பின்பக்கத்தைப் பார்க்க மறக்கவேண்டாம். அனுப்பிய ஊரின் குறி முன்பக்கம் இருக்கும்; வந்து சேர்ந்த ஊரின் குறி பல உறைகளில் பின்னால் விழுந்திருக்கும். மை மங்கிப்போயிருந்தால் உறையை மேசையில் வைத்து, டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள். குறியின் வளையம் தாளில் அழுந்திய தடமாவது தெரியும். திருகோணமலை என்ற எழுத்துகளும் திகதியும் கிடைத்துவிட்டால், கடிதம் எத்தனை நாள் பயணம் செய்தது என்று கணக்குப் போடலாம். நான் தபால் கந்தோரில் குறி குத்திய காலத்தில், மை ஒழுங்காகத் தொட்டு நேராகக் குத்து என்று எங்கள் தபாலதிபர் தலையில் அடிப்பார். அவர் கோபத்தின் அருமை இப்போதுதான் விளங்குகிறது.

அப்பப்பா தளத்தில் வேலை பார்த்தவர் என்பதால் இன்னொன்றையும் தேடுங்கள். கப்பல்களிலிருந்து மாலுமிகள் அனுப்பிய கடிதங்களில், இங்கிலாந்து முத்திரையின்மேல் ஊர்ப் பெயரே இல்லாமல், ‘அரசரின் கப்பல்களிலிருந்து பெறப்பட்டது’ என்ற பொருளில் ஆங்கில வாசகம் குத்தப்பட்டிருக்கும். போர்க்காலத்தில் எந்தக் கப்பல் எங்கே நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியாமலிருக்கச் செய்த ஏற்பாடு. தணிக்கை அதிகாரி திறந்து படித்து ஒட்டிய நாடாக்களும் உறையின் ஓரத்தில் இருக்கலாம். அவற்றை அழுக்கு என்று உரித்துவிடாதீர்கள்.

இனி வேலைக்கு நேரம். உங்கள் கடிதம் ஆவணியில் வந்தது நல்லதாயிற்று. கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில்தான் நம்முடைய ஊரில் தாள் காயும். வாடை திரும்பி மாரி தொடங்கிவிட்டால், ஐப்பசி முதல் தை வரை ஆல்பத்தைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரத்தை உள்ளே விட்டு மூடுகிறீர்கள். ஊறவைப்பது, காயவைப்பது, இடம் மாற்றுவது எல்லாவற்றையும் இப்போதே முடியுங்கள். கச்சான் வீசும் நேரத்தில் யன்னலையும் மின்விசிறியையும் நிறுத்தவேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒரு முத்திரை பறந்து அலுமாரிக்குப் பின்னால் போனால் தெரிந்துகொள்வீர்கள்.

எதையும் இடம் மாற்றுவதற்கு முன்னால், ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். அப்பப்பா எந்த முத்திரைக்குப் பக்கத்தில் எதை வைத்தார், ஓரத்தில் பென்சிலால் என்ன எழுதினார் என்பதெல்லாம் கலைந்தபின் திரும்பக் கிடைக்காது. கையைக் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள். தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு தொடக்கூடாது. தொடுவதற்கு, நுனி தட்டையான முத்திரைச் சாவணம் வேண்டும். புருவம் திருத்தும் சாவணத்துக்கு நுனியில் பல் இருக்கும். அது முத்திரையைக் கடித்துவிடும்.

பிஸ்கட் தகரத்தை மகனிடம் கொடுங்கள். அவனுக்கும் ஒரு வேலை வேண்டும். முதலில் நாடு நாடாகப் பிரிக்கட்டும். இலங்கை முத்திரைகளில் பென்ஸ், ஷில்லிங் என்று விலை போட்டவை தனியே போகட்டும். 1872இல் ரூபாயும் சதமும் வந்தன, ஆகவே பென்ஸ் கணக்கில் இருப்பவை அதற்கு முந்தியவை. மற்றவற்றை முகம் பார்த்துப் பிரிக்கலாம். விக்டோரியா மகாராணி, தாடியோடு வழுக்கைத் தலையரான ஏழாம் எட்வர்ட், தாடியோடு தலைமுடியும் உள்ள ஐந்தாம் ஜோர்ஜ், மழித்த முகத்தோடு ஆறாம் ஜோர்ஜ். 1972 மே மாதத்துக்குப் பிறகு ‘சிலோன்’ போய் ‘ஸ்ரீலங்கா’ வந்துவிடும்.

ஒரு ரூபாய் முத்திரை ஒன்றில் நம்முடைய ஊரே இருக்கிறது, தெரியுமா? ஐந்தாம் ஜோர்ஜ் காலத்தில் 1935–36இல் வந்த படவரிசையில் இறப்பர் பால் வெட்டுதல், தேயிலை கொய்தல், சிவனொளிபாத மலை, கொழும்புத் துறைமுகம், காட்டு யானைகள் எல்லாம் உண்டு. அதில் ஒரு ரூபாய்க்குத் திருகோணமலை. 1938இல் ஆறாம் ஜோர்ஜின் தலையோடு அதே காட்சி மறுபடி வந்தது. இரண்டையும் ஒரே முத்திரை என்று நினைத்து ஒன்றைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். மூலையில் இருக்கும் முகத்தைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள்: தாடி இருந்தால் முந்தியது. பெரிய பணம் தரும் முத்திரைகள் அல்ல இவை. இந்த ஊரில் இருந்துகொண்டு அவற்றை விற்பவருக்கு நான் வணக்கம் மட்டும் சொல்வேன்.

வேறுபாடு முகத்தில் மட்டும் இராது. முத்திரையைக் குப்புறக் கறுப்புத் தட்டில் வைத்தாலோ வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தாலோ தாளுக்குள் ஒரு நீர்க்குறி தெரியும். பழைய இலங்கை முத்திரைகளில் நட்சத்திரம். பிறகு கிரீடமும் ‘சி.சி.’ எழுத்துகளும், 1880களில் கிரீடமும் ‘சி.ஏ.’யும், 1904 முதல் அதுவே தாள் முழுக்கப் பலதடவை, 1921 முதல் எழுத்துகள் சாய்ந்த கையெழுத்து வடிவில். பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு முத்திரைகளில் ஒன்று சாதாரணம், மற்றது அரிது என்று தீர்மானிப்பது சிலவேளை இந்தக் குறிதான். ஓரத்துத் துளைகளும் அப்படியே. 2 சென்ரிமீற்றர் நீளத்துக்குள் எத்தனை துளை என்று எண்ணுவார்கள். நீர்க்குறி தெரியவில்லை என்று பெற்றோல், லைற்றர் எண்ணெய் என்று ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். சில வகை அச்சு மை அதில் கரைந்துவிடும், வீடும் பற்றிக்கொள்ளலாம்.

பசைக் கொப்பிகள்தான் உண்மையான தலைவலி. அந்தக் காலத்தில் சோற்றுப் பருக்கையையோ கோதுமை மாப் பசையையோ தடவித்தான் ஒட்டுவார்கள். மாப்பசை என்றால் இராமபாணப் பூச்சிக்கு விருந்து. நகத்தால் உரித்தால் முத்திரையின் முதுகுத் தாள் கொப்பியோடு போய்விடும். அப்படி மெலிந்த முத்திரையை எவரும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டார்கள். கொப்பிப் பக்கத்தில் அப்பப்பாவின் குறிப்புகள் இருந்தால் பக்கத்தை அப்படியே விட்டுவிடுங்கள். வெறும் ஒட்டு மட்டுமென்றால், முத்திரையைச் சுற்றித் தாராளமாக இடம் விட்டுத் தாளை வெட்டி, சாதாரணக் குளிர்ந்த நீரில் மிதக்க விடுங்கள். அரை மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தானாகவே கழன்று வரும். வராவிட்டால் இன்னும் பொறுங்கள், இழுக்காதீர்கள். கழன்றதை வேறு சுத்தமான நீரில் ஒருமுறை அலசி, மையொற்றுத் தாளில் முகம் கீழாக வைத்து நிழலில் உலர்த்துங்கள். சற்றுச் சுருளும், ஈரம் முழுதும் போனபின் கனமான புத்தகத்துக்குள் ஓரிரவு வைத்தால் நேராகிவிடும்.

இந்த நீராட்டு எல்லா முத்திரைக்கும் இல்லை. விக்டோரியா, எட்வர்ட், ஐந்தாம் ஜோர்ஜ் காலத்துப் பச்சையும் ஊதாவும் பல, நீர் பட்டால் கலங்கும் மையால் வேண்டுமென்றே அச்சிடப்பட்டவை. பயன்படுத்திய முத்திரையைக் கழுவி மறுபடி ஒட்டும் கெட்டிக்காரர்களைப் பிடிக்கச் செய்த தந்திரம் அது. நூறு வருடம் கழித்து அப்பாவிச் சேகரிப்பாளரைப் பிடிக்கிறது. அவற்றைத் தாளோடு வைத்திருங்கள். சிவப்பு, நீலத் தாளில் ஒட்டியவற்றை மற்றவற்றோடு சேர்த்து ஊறவைக்கவேண்டாம், சாயம் இறங்கும். பயன்படுத்தாத முத்திரைகளின் பின்பசை அப்படியே இருந்தால் அவற்றுக்கு நீரே ஆகாது. செலோரேப் போட்டு மஞ்சளாய்ப்போன கறை இனிப் போகாது. அதற்காக நேரத்தைச் செலவிடாதீர்கள்.

பழுப்புப் புள்ளி பூஞ்சணத்தின் வேலை. புள்ளி விழுந்தவற்றை இன்றைக்கே தனி உறையில் பிரித்துவையுங்கள். புள்ளியை வெளுக்க இரசாயனம் சொல்லித்தரும் அண்ணன்மார் நிறைய இருக்கிறார்கள். புள்ளியோடு இருக்கும் முத்திரை இருக்கவே இருக்கிறது, வெளுத்த முத்திரை இருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் ஏறி நின்றால் பூஞ்சணத்துக்குக் கொண்டாட்டம். கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் உங்கள் வீட்டில் அது மாரி முழுவதும் நடக்கும். ஆகவே வெளிச்சுவரோடு ஒட்டிய அலுமாரியும் வேண்டாம், கட்டிலின் கீழும் வேண்டாம். வீட்டின் நடுச்சுவர்ப் பக்கம், நிலத்திலிருந்து உயரே, ஆல்பத்தைப் புத்தகம் நிறுத்துவதுபோல நிமிர்த்தி வையுங்கள். படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றினால் பின்பசை ஈரத்தில் இளகிப் பக்கத்தோடு ஒட்டிவிடும். நன்றாக மூடும் பெட்டிக்குள், நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுங்கள். நிறம் மாறியதும் எடுத்து, பொதியில் சொல்லியபடி சூடாக்கி உலர்த்தி மறுபடி வைக்கலாம். நப்தலீன் உருண்டையை ஆல்பத்தோடு போடவேண்டாம்.

மகன் சொன்ன பிளாஸ்டிக் ஆல்பம் புகைப்படம் ஒட்டும் வகையாக இருந்தால் கடையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வளைந்து கொடுக்கும் மெதுவான பிளாஸ்டிக்கிலிருந்து காலப்போக்கில் ஒருவகை எண்ணெய்ப்பசை வெளியேறி மையைக் கெடுக்கும். முத்திரைக்கென்றே செய்த, கறுப்புத் தாளில் பட்டி வைத்த ஆல்பம் போதும். கடிதங்களுக்கு, மங்கலாக உள்ளே தெரியும் கிளாசின் உறைகள் வாங்குங்கள். கடிதத்தை அதன் சொந்த உறைக்குள் மடித்துத் திணிக்காமல், பக்கத்தில் விரித்து வையுங்கள். மடிப்பில்தான் பழைய தாள் முதலில் கிழியும்.

பெறுமதியைக் கேட்டிருந்தீர்கள். லண்டன் முத்திரை வியாபார நிறுவனமான ஸ்டான்லி கிப்பன்ஸின் விலைப்பட்டியலில் போட்டிருப்பது, குறையில்லாத முத்திரையை அவர்கள் விற்கும் விலை. உங்களிடம் வாங்குகிறவர் அதில் ஒரு சிறு பங்கைத்தான் தருவார். அவசரப்பட்டு ஒருவரிடமும் தகரத்தைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ‘மொத்தமாகத் தாருங்கள், பழைய கடிதமெல்லாம் வேண்டாம்’ என்பவரையும், ‘கடிதத்தை மட்டும் தாருங்கள்’ என்பவரையும் ஒரே நாளில் சந்திப்பீர்கள். இரண்டாமவர் விஷயம் தெரிந்தவர். அவரிடம் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

*

கேள்வி: ஐயா, வாப்பா விட்டுச் சென்ற முத்திரைகளைச் சகோதரர்கள் மூவர் பங்கிடவேண்டும். எண்ணிக்கைப்படி மூன்றாகப் பிரித்தால் நியாயம்தானே?
– வாசகர், மூதூர்

பதில்: காணியை அளந்து பிரிக்கலாம். 2 சதத்திலிருந்து 5 ரூபாய் வரை நிறைந்திருக்கும் ஒரு வரிசையை மூன்றாகப் பிரித்தால் மூவரிடமும் ஓட்டைதான் மிஞ்சும். நாடு நாடாக, அல்லது காலம் காலமாக, முழு வரிசைகளாகப் பிரியுங்கள். மூத்தவர் மூன்று குவியலாக வைக்கட்டும், இளையவர் முதலில் தெரிவு செய்யட்டும். வைக்கிறவர் கை தானாகவே நேராகும். வாப்பாவுக்கு வந்த கடிதங்கள் ஒரே வீட்டில் இருக்கட்டும்; மற்ற இருவரும் படம் எடுத்துக்கொள்ளலாம். முத்திரையில் ஒருவருக்குமே ஈடுபாடில்லை என்றால் அதை மறைக்காமல் பேசி, ஆசையுள்ள பேரப்பிள்ளை ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

*

கேள்வி: முத்திரைகள் கெடாமலிருக்க லமினேட் செய்யலாமா?
– மாணவர், நிலாவெளி

பதில்: கூடாது. அடையாள அட்டையின் பிரதிக்குச் செய்யுங்கள்.

*

கேள்வி: எங்கள் வீட்டில் துளை ஓரம் இல்லாத 4 பென்ஸ் இலங்கை முத்திரை ஒன்று இருக்கிறது. இளஞ்சிவப்பு நிறம், விக்டோரியா தலை. இது பெரும் விலை போகும் என்று ஒருவர் சொன்னார். உண்மையா?
– வாசகர், கிண்ணியா

பதில்: அவர் சொன்ன முத்திரை இருப்பது உண்மை. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்ரல் 1ஆம் திகதி வந்த 6 பென்ஸ். 1859இல் வந்த மங்கிய ரோஜா நிற 4 பென்ஸ்தான் இலங்கை முத்திரைகளில் அரசி. உங்களிடம் இருப்பது அதுதானா என்பது வேறு கேள்வி.

அது எட்டுமூலைச் சட்டத்துக்குள் அச்சிட்டது. முத்திரையே எட்டுமூலையாக வெட்டப்பட்டிருந்தால், அசலாக இருந்தாலும் விலையில் பெரும்பகுதி அன்றே கத்தரியோடு போய்விட்டது. நான்கு பக்கமும் வெள்ளை ஓரம் இருப்பதுதான் உயர்ந்தது. அடுத்து, 1860களில் அதே 4 பென்ஸ் துளை ஓரத்தோடு வந்தது. அதன் ஓரத்தை நறுக்கி, துளையில்லாத அரியவகை என்று காட்டுவது பழைய வித்தை. உங்கள் முத்திரையின் ஓரம் சட்டத்தை ஒட்டினாற்போல் இறுக்கமாக இருந்தால் சந்தேகப்படுங்கள். நீர்க்குறியையும் பாருங்கள், 1859ஆம் ஆண்டு முத்திரையில் பெரிய நட்சத்திரம் இருக்கவேண்டும். நீர்க்குறியே இல்லையென்றால், 19ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் சேகரிப்போருக்காக அச்சடித்து விற்ற போலிகளில் ஒன்றாக இருக்கலாம். அவையும் இப்போது பழம்பொருள்தான், ஆனால் கடையில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

நட்சத்திரமும் இருக்கிறது, நான்கு ஓரமும் இருக்கிறது என்றால், நிபுணர் குழு ஒன்றின் சான்றிதழ் இல்லாமல் எவரிடமும் விலை பேசவேண்டாம். முன்பின் இரண்டு படம் எடுத்து, அளவு தெரிய ஓர் அடிமட்டத்தையும் பக்கத்தில் வைத்து, எனக்கு அனுப்புங்கள். முத்திரையை அனுப்பாதீர்கள்.